சகாயராணி போட்ட வானம்

எங்கள் வீட்டு டிவிக்கு ஒரு சட்டை இருந்தது. அம்மா தையல் போட்டது. மேட்டி துணியில் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். ரேடியோ மேல் ரோஜாக் கொத்து, தலையணை உறையில் கிளிகள், வாசலுக்கு நேரே கண்ணாடிச் சட்டத்துக்குள் ‘வெல்கம்’. தொண்ணூறுகளில் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு அன்னமோ கிளியோ கண்ணில் படும். அதில் பாதிக்கு மேல் அம்மா போட்டுக் கொடுத்ததாக இருக்கும்.

அம்மா பெயர் சகாயராணி. கல்யாணத்துக்கு முன்னால் மடத்தில் சிஸ்டர்களிடம் தையல் வகுப்புக்குப் போனவள். எல்லாத் தையலும் வரும் என்றாலும் கிராஸ் தையல்தான் அவளுக்கு உயிர். மேட்டி துணியில் கட்டம் கட்டமாக ஓட்டை இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வித்தை. ஆனால் எல்லாக் குறியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், நூல் முறுக்கக் கூடாது, பின்னால் முடிச்சுத் தெரியக் கூடாது. அம்மா போட்ட துணியைத் திருப்பிப் பார்த்தால் நேர்நேராகக் கோடுகள் மட்டும் ஓடும், மழை இறங்குகிற மாதிரி.

அப்பா ராயப்பராஜ், கன்னிவாடி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். வீட்டில் சாப்பிடும்போதுகூடப் பாதிச் சோற்றில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் யாரோடாவது பேசிவிட்டு வருவார். அந்த ரூட்டில் எந்த ஊர்க்காரர் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், கையில் என்ன வைத்திருப்பார், யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் அவருக்கு அத்துபடி. பஸ்ஸை ஓட்டியவர் பீர் முகமது. அப்பாவுக்குச் சேக்காளி, எனக்கு பீர் மாமா.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரு பசுமாடு ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவந்தது. பீர் மாமா பிரேக்கை மிதித்தார். படியில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அப்பா ரோட்டில் போய் விழுந்தார். மாடு பிழைத்தது. அப்பாவுக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பொங்கல்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்றார்கள். பொங்கலும் போய் ஈஸ்டரும் வந்தது.

படுத்தே கிடந்த அப்பாவை வைத்துச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ரேடியோவை அணைக்கச் சொல்வார், செத்த நேரத்தில் போடச் சொல்வார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். எல்லாரும் போனபிறகு விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க டிக்கெட் கிழித்த விரல்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அப்பா மடியில் அம்மாவின் துணி கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்காகப் போட்டுக்கொண்டிருந்த அன்னம். அதன் மூக்கு பச்சையாக இருந்தது.

“அன்னத்துக்குப் பச்சை மூக்கா? யாரு போட்டது?”

“எட்டுற தூரத்துல பச்சை நூலுதான் கெடந்துச்சு ராணி.”

அம்மா உட்கார்ந்து மூக்கைப் பிரித்தாள். பிரித்து முடித்தபிறகு சொன்னாள்: “தையல் என்னவோ கோணாமத்தான் இருக்கு.” அதோடு ஒரு வெட்டுத்துணியையும் மிச்ச நூல்களையும் அவர் பக்கத்தில் வைத்தாள். ஒரு வேலை கிடைத்தால் வாயாவது மூடியிருக்குமே என்றுதான் கொடுத்தாள். பின்னாளில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அப்பா பூப் போடவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்தது ஒரு கரண்டு கம்பம், அதிலிருந்து தாறுமாறாகப் போகிற கம்பிகள், தூரத்தில் மலைக்கோட்டையின் ஒரு ஓரம். அதையே போட்டார்.

“யாராச்சும் கரண்டு கம்பத்தைப் போடுவாகளா?” என்றாள் அம்மா.

“என் கண்ணு முன்னாடி அதுதான நிக்குது.”

மாதிரிப் படம் பார்க்க மாட்டார், கோடு வரைய மாட்டார். துணியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக ஊசியை இறக்குவார். பின்பக்கம் முழுக்க முடிச்சும் தொங்கலுமாகக் கிடக்கும். அம்மா திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். கம்பத்தை முடித்ததும் மனசிலிருந்தே ரூட்டைப் போட ஆரம்பித்தார். பூ மூட்டையோடு ஏறுகிற பெண்கள், படிக்குப் பக்கத்தில் தேங்காய்க் குலை, ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருக்கும் ஒரு பெரியவர். முகத்தில் கண் மூக்கு இருக்காது. நாலைந்து கட்டம்தான் முகம். ஆனால் தோளைச் சாய்த்து நிற்கிற விதத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மனிதர்களையும் பொருட்களையும் போட்டுவிட்டுத் துணியை ஓரமாக வைத்துவிடுவார். சுற்றியிருக்கிற வெற்றிடத்தை நிரப்ப அவருக்குப் பொறுமை கிடையாது. அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “வெள்ளையடிக்காத சுவரு மாதிரில்ல இருக்கு” என்று மத்தியானத்தில் எடுத்து உட்கார்வாள். புது நூல் எடுக்க மனசு வராமல் தன் டப்பாவில் இருந்த துண்டு நூல்களைச் சேர்ப்பாள். ஒரே ஊசியில் நீலத்தில் ஒரு இழை, சாம்பலில் ஒரு இழை. கொஞ்சம் தள்ளி சாம்பலோடு ஊதா. அடிவானத்தில் பழுப்பும் ரோஸும். கிட்டேயிருந்து பார்த்தால் கலைந்து கிடக்கும். அறைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் மலையடிவாரத்தில் மழை கூடுகிற வானம்.

அந்த நாட்கள்தான் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகின்றன. அப்பா கட்டிலில், அம்மா தரையில் கால் நீட்டி, இரண்டு பேருக்கும் நடுவில் நூல் டப்பா. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டதும் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். ரேடியோவில் ஏதோ ஓடும். அடுப்பில் வெஞ்சனம் தீய்கிற வாசம் வந்தால்தான் யாராவது எழுந்திருப்போம்.

ஆள் வந்தால் அப்பா துணியைத் தலையணைக்கு அடியில் செருகிவிடுவார். ஆம்பளை தையல் போடுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்களே. ஒருநாள் பீர் மாமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார்.

“ஏலே ராயப்பா, என்னத்தலே ஒளிக்கிற?” என்று பிடுங்கினார். ஊசியைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தங்கச்சி, இங்க பாரு, கண்டக்டரு பூ வேலை பண்றாரு!” அப்புறம் துணியை விரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கண்டக்டர் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி பஸ்ஸின் உள்பக்கம். முன்கண்ணாடி முழுக்க வானம். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு பிடரியும், தோளில் கிடக்கிற பச்சைத் துண்டும்.

“இது நான்தானடா” என்றார் பீர் மாமா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாடு குறுக்கே வந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கையை நனைத்ததில்லை, காப்பிகூட வேண்டாம் என்று போய்விடுவார். அன்றைக்கு அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். போகும்போது துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்.

அப்பா எழுந்து நடந்தார். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது, ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாது என்றாகிவிட்டது. பஸ் முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்காரவைத்தார். ஆனால் ஊசியை அவர் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் துணியை எடுத்துக்கொள்வார். இரண்டாயிரம் பிறந்தபோது வீட்டு டிரங்குப் பெட்டி நிறையத் துணிகள் இருந்தன. எல்லாவற்றிலும் கீழே அப்பா, மேலே அம்மா.

பீர் மாமாவின் பஸ்ஸில் ஒருநாள் தேவதர்ஷினி ஏறினாள். கன்னிவாடிக்காரப் பெண், சென்னையில் ஓவியம் படித்துவிட்டு அங்கேயே வரைந்துகொண்டிருந்தவள். ஊருக்கு வந்தவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாளாம். பீர் மாமாவே மறுநாள் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தபோது அவள் தரையில் மண்டி போட்டுக்கொண்டாள். “அங்கிள், இதெல்லாம் எங்கயாவது வச்சிருக்கீங்களா?”

“பொட்டியிலதான் வச்சிருக்கேன்.”

“அதில்ல அங்கிள், கண்காட்சியில. இப்ப ஊசி நூலை வச்சுத்தான் நிறையப் பேரு ஓவியம் பண்றாங்க. பெயின்டிங் மாதிரியே மாட்டுறாங்க. மதுரையில நாங்க அஞ்சாறு பேரு சேர்ந்து ஒண்ணு வைக்கப்போறோம். இதைக் குடுப்பீங்களா?”

அப்பாவுக்கு ஆசை முகத்தில் தெரிந்தது. “சட்டம் போட்டு, கண்ணாடி போட்டா?”

“வேணாம். சும்மா கம்பியில தொங்க விடலாம். பின்பக்கமும் தெரியட்டும்.”

“பின்பக்கமா!” என்றாள் அம்மா. “ஐயய்யோ, அது குப்பை மாதிரியில்ல கெடக்கு.”

இரண்டாயிரத்து மூணில் மதுரைக் கண்காட்சி நடந்தது. நான் அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்தேன், லீவு போட்டுவிட்டு வந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை, அம்மா பெட்டியில் மடித்து வைத்திருந்த சின்னாளபட்டிச் சேலை. பெரிய கூடம். உயரத்தில் கட்டியிருந்த கம்பியிலிருந்து எங்கள் வீட்டுத் துணிகள் தொங்கின. காற்றில் லேசாக ஆடின. வீட்டுக் கட்டிலில் பார்த்த துணிகளா இவை என்று எனக்கே மலைப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: ‘கன்னிவாடி ரூட். ராயப்பராஜ், திண்டுக்கல்.’

அம்மா அட்டையைப் படித்தாள்.

எல்லாரும் அப்பாவைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். கண்டக்டர் தையல் போட்டாரா, ஆம்பளைக்கு எப்படி இந்த ஆசை வந்தது, காலில் அடிபட்டது எப்படி என்று கேள்விமேல் கேள்வி. அப்பா பழைய கண்டக்டராகி, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் துணிக்கு ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“இந்த வானம்தான் சார் என்னமோ பண்ணுது. எப்படிக் கொண்டுவந்தீங்க?”

அப்பா ஒரு நொடி நின்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மனசுல பட்டதைப் போடுறதுதான்.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல பாப்பா” என்றாள். கூடத்துக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெளியேதான் வெயில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் நிறைய இருந்தும் அம்மா பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவுக்கு அன்றைய சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா கொடைரோடு ஸ்டேஷனைப் போட ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போக இறங்குகிற கூட்டம். நல்ல வேடிக்கையான துணி. ஆட்களை முடித்துவிட்டு வழக்கம்போல ஓரமாக வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்குப் போனாள். துணியைத் தாண்டித் தாண்டி நடந்தாள். அப்பா தானே வானத்தைப் போட்டுப் பார்த்தார். ஒரே நீல நூலை எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பினார். ஸ்டேஷனுக்குப் பின்னால் பெயின்ட் அடித்த சுவர் எழும்பி நிற்கிற மாதிரி வந்தது. பிரித்தார். திரும்பப் போட்டார். திரும்பப் பிரித்தார்.

நான் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மத்தியானம் அது வெடித்தது.

“ராணி, இந்த வானத்தைக் கொஞ்சம் நெரப்பிக் குடேன்.”

“மனசுல பட்டதைப் போடுங்க.”

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அதுக்கா இம்புட்டு நாளா? அவுக திடீர்னு கேட்டாக, வாயில வந்ததைச் சொன்னேன். நெரப்புறதுதான, அதுல என்னன்னு...”

“நெரப்புறதா?” அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஒரு துணியை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்துப் போட்டாள். “பாருங்க. முன்னால பாத்தா ஒண்ணா இருக்கும். இந்தப் பக்கம் பாருங்க.”

பின்பக்கத்தில் கொஞ்சம் இடத்தில் முடிச்சும் சிக்கலும். அது அப்பா. மிச்ச இடமெல்லாம் நேர்நேரான கோடுகள். அம்மா இன்னொரு துணியை எடுத்துக் கவிழ்த்தாள். அப்புறம் இன்னொன்று. கட்டிலே நிறைந்துவிட்டது. எல்லாத் துணியிலும் அவள்தான் அதிகம்.

“உங்க மேல கோவம் இல்லைங்க” என்றாள், குரல் உடைந்து. “சோறாக்குறேன், அதுக்கு யாரும் என் பேரை அட்டையில எழுத வேணாம். இது அப்படியில்ல. ஒவ்வொரு இழையும் நான் யோசிச்சு யோசிச்சுச் சேத்தது. உங்களுக்கே தெரியலையேன்னுதான்.”

அப்பா அந்த நேர்கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். “தெரியல ராணி” என்றார் கடைசியில். “நீ வீடு கூட்டுற மாதிரி அதுவும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.”

அதைக் கேட்டு அம்மாவுக்கு இன்னும் அழுகை வந்தது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாளே அப்பா தேவதர்ஷினிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அடுத்தமுறை ஊருக்கு வந்தபோது அவள் வீட்டுக்கு வந்தாள். “தப்பு என்னோடது ஆன்ட்டி. பின்பக்கத்தைப் பாத்தும் எனக்குத் தோணல. எல்லாத்துலயும் உங்க பேரையும் சேத்துடலாம்” என்றாள்.

அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

“பழசு பழசாவே இருக்கட்டும்மா. ஒட்டுப் போட்ட மாதிரி என் பேரு வர வேணாம். பெரிய அகலத்துல மேட்டி துணி கெடச்சா எனக்கு வாங்கிட்டு வாரியா?”

துணி வந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலைவிடப் பெரிசு. அம்மா அதன் ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள். காலையில் நூல் கண்டுகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். எதிர்வீட்டில் துணி காயப்போட வருகிறவர்கள், சகாயராணிக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்ப்பார்கள். நூல் வாங்கக் கடைவீதியில் கிதர் முகம்மது பாயின் பேன்ஸி ஸ்டோருக்கு நானும் கூடப் போனேன்.

“என்னம்மா, பூவுக்கு ஒரு செவப்பு, எலைக்கு ஒரு பச்சை ஒண்ணும் எடுக்கல? அம்புட்டும் நீலமும் சாம்பலுமா இருக்கு?”

“பூவு இல்ல பாய், எலையும் இல்ல” என்றாள் அம்மா, சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு.

அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. துணி பாதி வளர்ந்ததும் கேட்டார். “கீழே என்ன ராணி வரும்?”

“ஒண்ணும் வராது.”

“மலையாச்சும்?”

“ம்ஹூம்.”

“ஒரு காக்காயாவது போடேன். நான் வேணா போட்டுத் தாரேன்.”

“உங்க துணியில போடுங்க உங்க காக்காயை.”

அவர் தன் துணியில் போட்டார். கொடைரோடு ஸ்டேஷன் கூரை முழுக்கக் காக்காய். மேலே வானத்தை வெறும் துணியாகவே விட்டுவிட்டார். எனக்கென்னவோ அவர் போட்டதில் அதுதான் நல்ல துணி என்று தோன்றும்.

அம்மாவின் துணி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காய்ச்சலில் கொஞ்ச நாள் நின்றது, என் கல்யாணத்தில் ரொம்ப நாள் நின்றது. முடித்த அன்று கூடத்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பார்க்க வந்த பீர் மாமா செருப்பைக் கழற்றியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோயிலிலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர், “அழகா வருது ராணி, எப்ப முடிப்பீங்க?” என்று கேட்டார். “முடிஞ்சிருச்சு சிஸ்டர்” என்றாள் அம்மா.

சென்னையில் அதை வைத்தார்கள். அட்டையில் ‘வானம். சகாயராணி, திண்டுக்கல்’ என்று மட்டும் இருந்தது. இந்தமுறை அப்பா கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டார். யாரோ ஒருவர் அவரிடமே போய், இதைப் போட்டவங்க யாரு என்று கேட்க, “அந்தா நிக்கிறாக பாருங்க, சின்னாளபட்டிச் சேலை” என்று கை காட்டினார். அம்மாவிடம் எந்த ஊர் வானம் என்று கேட்டார்கள். “எங்க வீட்டு மாடியில ஏறுனா தெரியுறது” என்றாள். அந்தத் துணியை அங்கேயே ஒரு காட்சிக்கூடத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்தபிறகு ஒரு வாரம் அம்மா, அந்தத் துணி தொங்கிய எங்கள் வீட்டுக் கூடத்துப் பக்கமே உட்காரவில்லை. சமையலறையிலேயே இருந்தாள்.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு திருச்சியில் இருக்கிறாள், கண் பார்வை குறைந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது கண்காட்சிகள் இல்லை. அப்பா ரிட்டயர் ஆன வருஷம், ஆத்தூர் அணைக்கு மூவரும் போயிருந்தோம். அம்மா அடுத்த துணிக்கு வானம் பார்க்க வேண்டும் என்றாள். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து மேற்கே மலைமேல் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நூல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். மீன் பிடிக்கிறவர்களிடம் போய் ஊர் விசாரித்துவிட்டு வந்தார்.

“செத்த தள்ளி நில்லுங்களேன்” என்றாள் அம்மா. “மறைக்குது.”

அப்பா தள்ளி நின்றார். அப்புறம் அவள் பக்கத்திலேயே கல்லில் இடம் பார்த்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, “இதுவா? இல்ல, இதுவா?” என்று ஒவ்வொரு கண்டாக எடுத்து வானத்துக்கு நேரே பிடிக்க ஆரம்பித்தார். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தூறல் விழுந்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.